மூன்று ரூபாய் வீடு

முன்பும் நாங்கள் சமமாக இருந்ததில்லை.
அதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.
இரும்படிக்கிறவன் செய்த ஈட்டியை வாங்குமுன்
உள்ளங்கையில் கொழுப்புத் தடவிக்கொண்டவர்கள் நாங்கள்,
அவன் தீட்டு ஒட்டாமலிருக்க.
மாடில்லாமல் காட்டுத்தேன் தின்கிறவனை
பாதி மனிதனாக வைத்தவர்கள்.

ஆனால் வெக்கை நோய் வந்த வருஷம்
என் புருஷன் கொய்னெத்தின் பட்டியில்
கழுகுகள் மட்டும் கொழுத்திருந்தபோது
லெரியோன்கா ஒரு கிடாரியை ஓட்டிவந்து
முள்வாசலில் விட்டுவிட்டுப் போனான்.
எதுவும் பேசவில்லை.
பேசினால் கடனாகிவிடும்.
அன்றோடு இருவருக்கும் பெயர் போயிற்று.
ஆற்றங்கரையில், கூட்டத்தில், சண்டையில்கூட
அவன் இவனை ‘பாஷே’ என்பான்,
இவன் அவனை ‘பாஷே’ என்பான்.
கொடுத்த கன்றின் பெயர் அது,
இரண்டு வாய்க்கும் பொது.

பிறகு வேலமரத்தடிக்கு ஒரு மேசை வந்தது.
மேசைக்குப் பின்னால் துரை.
துரைக்கு மொழிபெயர்க்க, தொப்பியோடு, லெரியோன்கா.
அவனுக்குச் சுவாஹிலி தெரியும்;
அதற்காகவே அவனை எங்கள் தலைவன் என்றார்கள்.
தலைவன் என்று ஒருவன் எங்களுக்கு இருந்ததேயில்லை.
வாய் வலிக்கும்வரை பேசுகிற கிழவர்கள் இருந்தார்கள்,
அவ்வளவுதான்.

வீடு ஒன்றுக்கு மூன்று ரூபாய்.
யார் வீடு? என்றான் எழுத்தன்.
சாணமும் சாம்பலும் நான் குழைத்தது,
கழிகளை நான் வளைத்தது,
நடுராத்திரி ஒழுகினால்
மழையிலேயே கூரையேறி அப்புகிறவளும் நான்.
இங்கே பெண்தான் வீடு கட்டுவாள்,
ஆண் அதற்குள் விருந்தாளி.
கொய்னெத், என்று எழுதிக்கொண்டான்.
கலியாணத்தன்று எனக்கென்று ஒதுக்கிய எட்டுப் பசு?
கொய்னெத்.
என் மகனுக்கென்று நான் காதில் குறியிட்ட காளை?
கொய்னெத்.
அத்தனையும் தன்னுடையது என்று
அன்றுதான் அவனுக்கே தெரிந்தது.

இரண்டாம் வரிக்கு அந்தக் கிடாரியின் மகளை விற்றான்.
நோய்த்தடை என்று எல்லையை மூடியிருந்த சமயம்.
வாங்குகிறவன் ஒருத்தன், அவன் சொன்னதே விலை.
அவன் லெரியோன்காவின் மச்சான் என்பது
மாடு போன பிறகு தெரிந்தது.
லெரியோன்காவின் மாடுகளுக்கு
இரவில் நோய் தொற்றாது போலிருக்கிறது;
காவல் தாண்டிப் போய்க் காசாகத் திரும்பி வந்தன.

அப்புறம் வழக்கு.
கடனா, கிரயமா? என்றான் துரை.
இரண்டும் இல்லை, என்றான் கொய்னெத்.
இரண்டில் ஒன்றைச் சொல்.
லெரியோன்கா கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
‘கடன்’ என்றான்.
அவனே சொல்லி
அவனே மொழிபெயர்த்தான்.
கன்றுகளோடு சேர்த்துப் பன்னிரண்டு.

கொய்னெத் இப்போது அவற்றையே மேய்க்கிறான்,
மாதம் நான்கு ரூபாய்க்கு.
அதே சரிவு, அதே உப்புநிலம், அதே சீழ்க்கை.
பால் மட்டும் என் சுரைக்குடுவைக்கு வருவதில்லை.
முந்தாநாள் லெரியோன்கா வழியில் நின்று
‘டேய், கொய்னெத்!’ என்று கூப்பிட்டான்.
பதினைந்து வருஷத்துக்குப் பிறகு
அந்த வாயில் என் புருஷன் பெயர்.
இவன் உடனே திரும்பவில்லை.
வேறு யாரையோ என்று நினைத்திருப்பான்.

மறுபடி வரி வருகிறது.
இளையவள் சிலாந்தோயின் வீட்டை நேற்றே பிரித்துவிட்டோம்.
கழிகள் அடுப்புக்கு.
அவளும் பிள்ளையும் என் தோல்படுக்கையில்.
நாங்கள் ஒத்துப்போனவர்கள் இல்லை;
ஒரு பசுவின் முன்மடிக்காக
மூன்று வருஷம் பேசாமல் இருந்தவர்கள்.
அவள் முழங்கை என் விலாவில் இடிக்கிறது,
பிள்ளை இருமுகிறது, புகை வெளியேறவில்லை.
எழுத்தன் வந்து வாசல்களை எண்ணுவான்,
மூச்சுகளை எண்ணமாட்டான்.

இருட்டில் கேட்கிறாள்:
அக்கா, விடிந்ததும் அவன் கேட்டால்
இது யார் வீடு என்று சொல்வது?

சும்மா தூங்கு, என்கிறேன்.
காலை எடு.